கையில் கொடுத்துவிட்ட கடிதம்

எங்கள் பிரதேச சபைக் கட்டிடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருக்கவில்லை. நாங்கள் பெண்கள் சிலர் உறுப்பினராகிப் போய் உட்காரும் வரைக்கும் அது யாருக்கும் ஒரு குறையாகப் படவுமில்லை. முதல் கூட்டத்தன்று தேநீர் நேரத்தில் நான் எழுந்து பின்பக்கம் போனேன். எதிர்வரிசையில் இருந்த ஒருத்தியும் அதே நேரம் எழுந்து வந்தாள். காவலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு வளவில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த வளவு நாய் எங்களைத் துரத்திய துரத்தலில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து பிரேரணை கொண்டுவந்தோம். நான் முன்மொழிந்தேன், அவள் வழிமொழிந்தாள். சபை முழுவதும் கை உயர்த்தியது. இந்தச் சபையின் முதல் ஒற்றுமை கக்கூசில்தான் வந்தது என்று தவிசாளர் பகிடி விட்டார். கழிப்பறை கட்டி முடிந்த அன்று நாங்கள் இருவரும் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துச் சிரித்தோம். அவளும் நானும் ஒரே வயது. அவள் என்னை ‘கா’ என்பாள், நான் அவளைப் ‘புள்ள’ என்பேன்.

நான் தையற்காரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு இருந்தவளைக் கட்சிக்காரர் வந்து பட்டியலில் போட்டார்கள்; அது வாக்குக் கேட்காமலே கட்சி தரும் இடம், அவளும் அப்படி வந்தவள்தான். அவர்களுக்குப் பெண்களின் பெயர் தேவைப்பட்டது, எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. பொய் சொல்லாதவள் என்று சொல்வார்கள். அந்த நல்ல பெயர் பிற்பாடு அவர்களுக்கு எவ்வளவு உதவும் என்று அப்போது அவர்களுக்கே தெரியாது.

சபை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. எந்தச் சபை என்று எழுதமாட்டேன். தேர்தலில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வந்தது. தவிசாளர் தெரிவிலும் சமன். சட்டப்படி சீட்டுக் குலுக்கினார்கள். இரண்டு துண்டுக் கடதாசியை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, அதிகாரி ஒன்றை எடுத்தார். எங்கள் ஆளின் பெயர் வந்தது. நாங்கள் பட்டாசு கொளுத்தினோம், மக்கள் தீர்ப்பு என்று பேசினோம். “பிஸ்கட் டின்ட தீர்ப்பு கா,” என்று அவள் என் காதுக்குள் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அரசியல் என்றால் பெரிய கொள்கைகள் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். வெயில் காலத்தில் கிணறுகள் வற்றிவிடும், வற்றாததில் உப்பு ஏறிவிடும். சபையிடம் ஒரு பவுசர், தண்ணீர் லொறி, இருக்கிறது. ஒழுங்கை முனைகளில் வைத்த கறுப்புத் தாங்கிகளில் அது வந்து தண்ணீர் நிரப்ப வேண்டும். எங்கே முதலில் போகவேண்டும் என்பதை உறுப்பினரின் கைத்தொலைபேசி தீர்மானிக்கும். நான் டிரைவருக்கு அடித்தால் என் ஒழுங்கைக்கு வரும். தவிசாளர் பக்கத்து ஆட்கள் அடித்தால் டிரைவர் எடுப்பார், மற்றவர்கள் அடித்தால் அவருக்குச் சிக்னல் கிடைக்காது. இதுதான் எங்கள் பலம். தண்ணீர் வந்தால், “மெம்பர் அனுப்பினவ” என்று சனம் சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஏன் ஒளிப்பான்.

அவள் கொண்டுவந்தது ஒரு எளிய பிரேரணை. பவுசருக்கு ஒரு அட்டவணை போட வேண்டும், எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் என்று எழுதிச் சபைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

“எழுதி ஒட்டிப்போட்டா, மறுகா ஆரும் ஆருக்கும் கோல் எடுக்கத் தேவையில்ல கா. என்ட ஊருக்கும் வரும், உன்ட ஊருக்கும் வரும்,” என்றாள்.

“நீ சொல்றது சரிதான் புள்ள,” என்றேன். அது புதுக் கழிப்பறையின் வாசலில் வைத்துச் சொன்னது. உள்ளே மண்டபத்தில் கை உயர்த்தும்போது எதிராக உயர்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபிக்கவில்லை. கட்சி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். சரிசமனான வாக்கைத் தவிசாளர் தன் மேலதிக வாக்கால் எங்கள் பக்கம் சாய்த்தார். அட்டவணை தோற்றது.

பிறகு, அதுவரை எந்தப் பக்கமும் சேராமல் இருந்த சுயேச்சை உறுப்பினர் ஒருவர் அவர்கள் பக்கம் போய்விட்டார். அவர்களுக்கு எங்களைவிட ஒன்று கூடிவிட்டது. வரவு செலவுத்திட்டம் வரும்போது அட்டவணையைச் சேர்த்தால்தான் கை உயர்த்துவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் தவிசாளருக்கு நித்திரை போயிற்று. அந்த நேரத்தில்தான் அவளுடைய புருஷனுக்கு ஒரு பக்கம் இழுத்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அவர் வவுணதீவுப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். வரம்பில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்த நாள் சபைக் கூட்ட நாள். அவள் வரவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தின்போது அவருக்கு மண்டையில் ஒப்பரேசன் நடந்துகொண்டிருந்தது. அதற்கும் வரவில்லை. விடுமுறை பெறாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்பினரின் இடம் வெறுமையாகிவிடும். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அவளுடைய கட்சிக்காரர் ஒருவரும் அதுவரை எட்டிப் பார்க்கவில்லை. ஆண்கள் வார்டுக்கு வெளியே நடையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சேலை கசங்கி, தலை வாராமல், போனில் சார்ஜ் இல்லாமல். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கொப்பித் தாளில் குனிந்த எழுத்து. கணவரின் நோயைச் சொல்லி, வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டு, விடுமுறை தரும்படி செயலாளருக்கு எழுதியிருந்தாள்.

“நாளைக்கு நீ போறதானே. இத செயலாளர்ட கையில குடு. இது மூணாவது கா, மறந்திராத.”

“உன்ட ஆக்கள்ட குடுக்கலையா?”

“அவங்கள் ஆரு வந்தாங்க, குடுக்க? வந்தவ நீதானே.”

எங்கள் பக்கத்தில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுச் சிட்டை வாங்கி வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். கலியாண அழைப்பும் அப்படித்தான் போகும், காணி உறுதியும் அப்படித்தான் போகும். வாங்கியவர் சேர்ப்பார். சேர்த்தாரா என்று கேட்பதுகூட மரியாதை இல்லை. அவள் எதிர்க்கட்சிக்காரியின் கையில் தன் இடத்தையே கொடுத்துவிட்டது விசர்த்தனம் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவள் கட்சிக்காரியிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை, சபையில் எங்கள் கட்சியின் குழுத் தலைவராக இருந்தவரின் வாகனத்தில் போனேன். இரும்புக்கடை வைத்திருக்கிறவர், மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் ஏசாதவர். சும்மா பேச்சுவாக்கில், லீவுக் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன்.

“தங்கச்சி, அது உங்கட பைக்குள்ள இருக்கட்டும்,” என்றார்.

“ஐயோ, அவ நம்பித் தந்தவ.”

“நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. பொய் சொல்லவும் தேவையில்ல. சும்மா இருங்க. அவட கட்சி வேற ஆளப் போடுறதுக்குள்ள பட்ஜெட் பாசாகிரும். மறுகா அவவுக்கு நாங்க ஏதாவது பாத்துச் செய்வம்.” பிறகு, வெளியே வயலைப் பார்த்தபடி, “பட்டியல் இடம் எண்டா கட்சி தாற இடம்தானே,” என்றார். அவளைப் பற்றிச் சொன்னாரா, என்னைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியது.

கூட்டம் தொடங்கிக் கடவுள் வணக்கம் முடிந்ததும், விடுமுறைக் கோரிக்கைகள் உண்டா என்று செயலாளர் கேட்டார். அவளுடைய கட்சித் தலைவர் எழுந்து, கடிதம் கொடுத்தனுப்பிவிட்டதாகக் காலையில் வேறொருவரின் போனில் அவள் சொன்னாள் என்றார். யாரிடம் கொடுத்தாள் என்று அவருக்கு அவள் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தாளிடம் கொடுத்தேன் என்றால் ஏச்சு விழும் என்று பயந்திருப்பாள். எழுத்தில் வந்ததா என்று தவிசாளர் கேட்டார். செயலாளர் கடிதக் கோவையைப் புரட்டினார், மேசையைப் பார்த்தார், தனக்குக் கிடைக்கவில்லை என்றார். அவர்கள் அவளுக்குப் போன் அடித்தார்கள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. என் கைப்பை என் மடியில் இருந்தது. பையின் சிப்பை ஒருதரம் திறந்தேன், மூடினேன். மூடின சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது. தவிசாளர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

இதைவிடக் கேவலம் அன்று பின்னேரம் நடந்தது. யாருடைய போனிலிருந்தோ அவள் அடித்தாள்.

“குடுத்தயா கா?”

“ஓம்,” என்றேன்.

“நீ இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்,” என்றாள். அவர் அன்று கண் திறந்து அவளைப் பார்த்ததாகச் சொன்னாள். சந்தோசம் என்றேன். தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடிதான் பேசினேன். போனை வைத்ததும் கடிதத்தை எடுத்து, சட்டைத் தெறிகளும் நூற்கட்டைகளும் கிடக்கிற இழுப்பறைக்குள் போட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. கிழிக்காததால் நான் இன்னும் முழுக்கக் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மலிவான நினைப்பு.

இடம் வெறுமையானதென்ற கடிதம் அவளுக்குப் போன நாளில் எட்டுத் தடவை எனக்கு அடித்தாள். நான் எடுக்கவில்லை. எட்டாவதுக்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை.

அவள் வழக்குப் போட்டாள். மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு. கடிதத்தை என் கையில் தந்ததாக நாள், நேரம், இடியப்பம் கொண்டுபோனது வரை எழுதியிருந்தாள். தீர்ப்பு வரும்வரை அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவளைக் காப்பாற்றப் போட்ட தடைதான். ஆனால் அதனால் அவளுடைய கதிரை மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது, இரண்டு பக்கமும் மறுபடி சமனாயிற்று, தவிசாளரின் மேலதிக வாக்கால் வரவு செலவுத்திட்டம் நிறைவேறியது. அட்டவணை பற்றி ஒரு சொல் அதில் இல்லை. எங்கள் குழுத் தலைவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

என்னிடம் சத்தியக்கடதாசி கேட்டார்கள். ரிட் வழக்கில் பெரும்பாலும் சாட்சிக்கூண்டு இல்லை, எல்லாம் கடதாசியில்தான் என்று எங்கள் சட்டத்தரணி சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘மேற்படி மனுதாரர் என்னிடம் எக்கடிதத்தையும் ஒப்படைக்கவில்லை’ என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஒரே வரி.

நான் மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்தவள். நீதிமன்றக் கடதாசிகளில் கிறிஸ்தவர்கள் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். சைவர்கள் புத்தகம் இல்லாமல் பயபக்தியோடு உறுதி கூறுவார்கள். அன்று சட்டத்தரணியின் கிளாக்கரிடம் நான் கேட்ட கேள்வியை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. சத்தியம் என்று போடாமல் உறுதி என்று போடலாமா என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே, “போடலாம் அம்மா, விரும்பினா கிறிஸ்தவங்களும் அப்பிடிப் போடுறவங்க,” என்றார். எனக்கு மூச்சு வந்தது. புத்தகத்தைத் தொடாவிட்டால் பொய்யின் பாரம் குறையும் என்று ஒரு கணக்கு. சைவர்களின் உறுதி உறுதியில்லையா, அவர்களின் கடவுளுக்குக் காது இல்லையா என்று அப்போது யோசிக்கவில்லை. அவளும் சைவக்காரிதான். அவள் கூறிய உறுதி உண்மையாகத்தான் இருந்தது.

கையெழுத்தைச் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் எங்கள் கோயில்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பவர். என்னைக் கண்டதும் பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்து வேதப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“தேவையில்ல ஐயா. உறுதிதான்,” என்றேன்.

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார். நான் கையெழுத்து வைத்தேன், அவர் முத்திரை குத்தினார். அந்த ஞாயிறு திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போய் முழங்காலில் நின்றபோது நான் போகவில்லை. முழங்கால் நோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு முழங்கால் நோதான்.

தீர்ப்பு வந்த நாளில் நானும் நீதிமன்றத்தில் இருந்தேன். நீதிபதி என்னைப் பொய்க்காரி என்பார் என்று பயந்தேன். உள்ளுக்குள் எங்கேயோ அதை எதிர்பார்த்தும் இருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கடிதம் கொடுத்ததாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கவில்லை என்று மற்றவர் சொல்கிறார், உண்மை எது என்பதே பிணக்காக இருக்கும்போது ரிட் கட்டளை வழங்க முடியாது என்றார். மனு தள்ளுபடி. என் பொய்யை நீதிமன்றம் நம்பவே இல்லை. நம்ப வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. என் கடதாசி அவளுடைய கடதாசிக்கு எதிரே கிடந்தாலே போதும். அவள் எழுந்து, தன் கோவையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனாள். சேலைக் கரை என் காலில் பட்டது.

அவளுடைய இடத்துக்கு அவள் கட்சி ஒரு ஆண்பிள்ளையைப் போட்டது. அவருக்கு அட்டவணையில் அக்கறை இல்லை, டிரைவரின் நம்பரைத்தான் முதலில் கேட்டார். எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். “மெம்பர் போட்டவ” என்று சனம் சொல்லுகிறது. பெண்கள் கழிப்பறைக்கு நான் தனியாகத்தான் போகிறேன்.

போன வெயில் காலம் அவளுடைய புருஷன் இறந்துபோனார். நான் சாவீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைப் பக்கம் வேலை என்று வீட்டில் சொன்னேன். நாலு வாரம் கழித்து ஒரு பின்னேரம், நான் சட்டைக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் வெள்ளைச் சேலையோடு வேலிக் கடப்படியில் நின்றாள்.

“உள்ள வா புள்ள,” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“துடக்கு. உள்ள வரேலா,” என்றாள். செத்த வீட்டுத் துடக்குக்காக நின்றாளா, எனக்காக நின்றாளா, தெரியாது. அவள் ஊரில் ஒன்பது நாளாகத் தாங்கிக்குத் தண்ணீர் வரவில்லை. வாற கிழமை முப்பத்தோராம் நாள் கிரியை, ஆட்கள் வருவார்கள், சமைக்க வேண்டும். புது உறுப்பினர் போன் எடுக்கவில்லையாம்.

“உங்களுக்குத்தான் டிரைவர் எடுப்பாராம். எழுதிக்கொண்டு வந்திரிக்கன், மெம்பர்.”

நீங்கள் என்றாள். மெம்பர் என்றாள். அதே குனிந்த எழுத்து. கொப்பித் தாள் இல்லை, வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி. ஒன்றை என் கையில் தந்தாள். மற்றதைக் கோவையின் மேல் வைத்து, பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

“வாங்கினதெண்டு இதில ஒரு கையெழுத்து வைங்க. திகதியும் போடுங்க.”

இழுப்பறை எனக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில் இருந்தது. போய்த் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் வைத்திருக்கலாம். “புள்ள, நான்...” என்று தொடங்கினேன்.

“திகதி,” என்றாள்.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்து வைத்து, திகதி போட்டேன். அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கோவைக்குள்ளிருந்து ஒரு போட்டோக் கொப்பியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். என் சத்தியக்கடதாசி. அடியில் இருந்த கையெழுத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஓம், அதே கையெழுத்துத்தான்,” என்றாள். இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, குடையை விரித்துப் போய்விட்டாள்.

நான் இப்போதும் உறுப்பினர்தான். கடிதம் இப்போதும் தெறிகளோடு கிடக்கிறது. அன்று உள்ளே வந்து டிரைவருக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.